எங்கிருந்து வருகிறது இந்த ‘ஙொய்ங்’?

ஃப்ரிட்ஜை அணைத்துப் பால்கனிக்குத் தள்ளிய பிறகும் சத்தம் நிற்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் கூடத்தின் நடுவில் நின்று, தலையை ஒருக்களித்துக் கேட்டார். ‘ஙொய்ங்’ என்று கம்பி இழுத்தாற்போல மெல்லிய சத்தம். காலையிலிருந்து அதே சத்தம்தான்.

“ஃப்ரிட்ஜ் இல்லை” என்று அவர் தீர்ப்புச் சொன்னார். “இது வேற யாரோட வேலையோ.”

சத்தம் விஷயத்தில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. வேலையிடத்தில் அவருக்குப் பாம்புச்செவி என்று பெயர். உச்சி மாடியில் எந்தச் சக்கரம் முனகுகிறது என்பதைக் கீழே நின்றபடியே சொல்வார். ஏறிப் பார்த்தால் அதுவேதான் முனகிக்கொண்டிருக்கும். அப்பேர்ப்பட்டவருக்குச் சொந்த வீட்டுக்குள்ளேயே ஒரு சத்தம் டிமிக்கி கொடுப்பதென்றால் அது மானப் பிரச்சினை.

அவர் மனைவி ஜன்னலோரத்துத் தையல் மிஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். தரையில் பரப்பிக் கிடந்த காய்கறிகளைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் கேட்கலையேங்க.”

“கேட்கும். கவனிச்சுக் கேளு” என்றார் மெக்கானிக்.

ஃப்ரிட்ஜைத் தள்ளியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வேலையில் ஏற்கெனவே தோளில் சுளுக்கு. அதற்காக வாங்கிய வலி மாத்திரை ஒரு டப்பா நிறைய அலமாரியில் இருந்தது. தோளுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், இடுப்புக்கென்று தனியாக இன்னொன்றும் போட்டுக்கொண்டார். நியாயமான மனிதர், எந்த உறுப்புக்கும் ஓரவஞ்சனை செய்யமாட்டார்.

அடுத்து மின்விசிறிமேல் சந்தேகம் வந்தது. ஸ்டூலில் ஏறி, அண்ணாந்தபடியே அதைக் கழற்றி இறக்கினார். கழுத்து பிடித்தது. கழுத்துக்கும் ஒரு மாத்திரை போயிற்று. சத்தமோ முன்பைவிடக் கூடியிருந்தது. வேறொருவர் சோர்ந்துபோயிருப்பார். மெக்கானிக்குக் குஷி பிறந்தது.

“பார்த்தியா, கிட்ட நெருங்கிட்டேன். அதான் கத்துது.”

மனிதரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். குழாய்களைத் திருகித் திறந்து மூடினார். மெயினை அணைத்துவிட்டுச் சுவர் சுவராகக் காதை ஒட்டி நகர்ந்தார். வேலைக்குப் போனால் மோட்டார் இரைச்சலில் அந்தச் சத்தம் அமுங்கிவிடும். வீட்டில் கால் வைத்து அமைதியானதும் மறுபடி ‘ஙொய்ங்’. ஆகவே குற்றவாளி வீட்டுக்குள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்த மனைவியின் பொறுமையைச் சொல்லவும் வார்த்தை போதாது. விசிறி இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, மெயினும் இல்லை. காலால் மிதிக்கும் தையல் மிஷின் என்பதால் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வியர்வையைத் துடைத்து, நெற்றியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாளே ஒழிய, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. சில நாள் கழித்து, சுவரைத் தட்டிக்கொண்டிருந்த கணவனிடம் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

“என்னங்க... எனக்கும் கேட்குது.”

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. “நெசமாவா? ஙொய்ங்குன்னுதானே?”

“இல்லைங்க. எனக்கு விசில் மாதிரி. குக்கர் தூரத்துல கூவுற மாதிரி.”

இப்போது கண்டுபிடிக்க வேண்டிய சத்தம் இரண்டாகிவிட்டது. அவருக்குச் சமையலறைச் சுவர், அவளுக்குப் படுக்கையறை மூலை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மெக்கானிக் மாடியைக் காட்டினார். மொட்டை மாடியில் இருந்தது வீட்டுக்காரரின் தண்ணீர் மோட்டார்.

ஏறிப்போய் அதன் ஃப்யூஸைப் பிடுங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டில் குடியிருக்கும் அந்த வீட்டுக்காரரே துண்டோடு, தலையெல்லாம் சோப்பு நுரையோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டு படியேறி வந்தார். பேச்சு எங்கெங்கோ போயிற்று. மோட்டாரே மட்டம் என்றார் மெக்கானிக். காதே மட்டம் என்றார் வீட்டுக்காரர். பாம்புச்செவியிடம் சொல்லக்கூடாத சொல் அது. மெக்கானிக் பதிலுக்குச் சொன்னதை இங்கே எழுதுவதற்கில்லை.

“இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க” என்றார் வீட்டுக்காரர்.

அப்போது மனைவி குறுக்கே வந்து நின்றாள். “அவரு சொல்றது பொய் இல்லைங்க. எனக்கும் கேட்குது” என்று, நுரை வழியும் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள். ஆனாலும் வீட்டுக்காரர் மனம் இளகவில்லை.

காலையெல்லாம் தையல் மிஷின்மீது வெயில் விழும் அந்த ஜன்னல் மாதிரி இன்னொன்று அவளுக்குக் கிடைக்காது. ஊசியில் நூல் கோக்க விளக்கே வேண்டாம். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், துணிகளை மூட்டை கட்டும்போது அவள் அடிக்கடி அந்தப் பக்கமே பார்த்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மெக்கானிக் பீரோவைத் தானே நகர்த்தப் போனார். முதுகில் ‘சடக்’.

டாக்டரிடம் வளைந்தபடியே போனார். முதுகைக் காட்டுவதற்கு முன்னால், தொழில்முறை அக்கறையோடு, “டாக்டர், உங்க ஏசி கத்துது. பார்க்கச் சொல்லுங்க” என்றார்.

“ஏசி ஓடலையே” என்றார் டாக்டர்.

பிறகு அவரே ஒவ்வொன்றாக விசாரித்தார். தோள், இடுப்பு, கழுத்து என்று மாத்திரைக் கணக்கு நீண்டுகொண்டே போக, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த ரக வலி மாத்திரைகளை இப்படி அள்ளிப் போட்டால் சிலருக்குக் காதுக்குள்ளேயே இரைச்சல் கிளம்பும் என்றார். இருக்கிற இரைச்சலும் கூடும். நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இனிமேல் கேட்காமல் எதையும் போடவேண்டாம், முதுகுக்கு ஒத்தடம் போதும், இரைச்சல் அடங்காவிட்டால் காதைச் சோதித்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த மெக்கானிக் மாத்திரை விஷயத்தை மனைவியிடம் மறைத்துவிட்டார். டப்பாவைத் தூக்கி வெளியே எறிந்தார். நாளாக நாளாக ‘ஙொய்ங்’ தேய்ந்தது; ஒரு பகலில் காணாமலே போயிற்று.

“உனக்கு இப்போ கேட்குதா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்லைங்க. போயிடுச்சு.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சத்தம் தன் காதுக்குள் இருந்தது. அப்படியானால் இவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? கேட்கவே இல்லை. கட்டினவன் தனியாளாக நின்று அவமானப்படக்கூடாதென்று, கேட்காத சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள். அதிலும் அவருடையதுபோலவே சொன்னால் சந்தேகம் வருமென்று குக்கர் விசிலாக மாற்றிச் சொல்லியிருக்கிறாள். பொய்யில்கூட எவ்வளவு பொறுப்பு!

அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினார். வீட்டுக்காரரும், ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு இவளோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரம்மாவும் கூடத்தில் இருந்தார்கள். மெக்கானிக் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். மாத்திரையைச் சொன்னார், மன்னிப்பும் கேட்டார்.

“வீடு போனா போகட்டும் சார். ஆனா இவ ஒருத்தி... எனக்காக உங்க முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னா பாருங்க. எந்தப் பொண்டாட்டி செய்வா?” என்றார் மெக்கானிக்.

“போதும், வாங்க” என்று மனைவி அவர் சட்டை நுனியை இழுத்தாள். முகம் சிவந்திருந்தது. அடக்கம் என்று நினைத்த மெக்கானிக் இன்னும் உருகினார்.

வீட்டுக்காரரும் உருகிவிட்டார். இப்படிப்பட்ட தம்பதியைக் காலி செய்யச் சொல்லத் தனக்கு மனசு வராது, அவர்களே இருக்கட்டும் என்றார்.

வீட்டுக்காரம்மா மட்டும் இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: “அவளுக்கு நெசமாவே கேட்டுச்சு தம்பி, நீங்க குடுத்த தலைவலி தாங்காம, அவளும் அந்த டப்பாவுலேர்ந்துதானே எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தா.”