அகலத் தட்டு

குண்டு கிண்ணத்துக்குள் மூஞ்சியை விட்டது, தும்மியது, திரும்பிப் படுத்துக்கொண்டது. ஸ்டோர் கீப்பர் கிண்ணத்தை மறுபடி அதன் பக்கம் தள்ளிப் பார்த்தார்.

குண்டு அவருடைய மேலாளரின் நாய். சப்பை முகம், சட்டைப் பொத்தான் அளவுக்கு மூக்கு.

"எட்டு கிலோ. சனிக்கிழமை நான் வரும்போதும் எட்டு கிலோ இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மேலாளர் வெளியூர் போயிருந்தார். ஸ்டோர் கீப்பரின் பதவி உயர்வுக் காகிதம் இன்னும் கையெழுத்தாகாமல் மேலாளர் மேசையில்தான் கிடந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மூக்கே இல்லாத நாய் சார் அது! ஆழக் கிண்ணத்துல எப்படித் திங்கும்? அகலத் தட்டுல வைங்க. குனியச் சிரமப்படும், முக்காலி மேல வைங்க. எலும்பில்லாத கோழி, நல்லா வெந்திருக்கணும்."

"சரிங்க டாக்டர்."

"வச்சிட்டு நகர்ந்துடுங்க. ஆள் நின்னா திங்காது."

மனைவியின் பூப்போட்ட பீங்கான் தட்டு. அதில் கோழி, கேரட். குண்டு படுத்திருந்த பால்கனியில் முக்காலி போட்டு வைத்தார். பக்கத்தில் சாய்வு நாற்காலியில் மாமனார். கொழுப்பு கூடிவிட்டதென்று மகள் மூன்று வேளையும் ஓட்ஸ் கொடுத்து அவரைப் படுத்திக்கொண்டிருந்தாள்.

ஸ்டோர் கீப்பர் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்றார். மாமனார் தலையாட்டினார். இவர் பூனை மாதிரி நழுவினார்.

பத்து நிமிடத்தில் தட்டு பளபளத்தது. அடேயப்பா!

மறுநாள் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த பார்சல் தராசில் குண்டை நிறுத்துப் பார்த்தார். ஏழு கிலோ எண்ணூறு.

"இவ்வளவு தின்னுட்டு எங்கடா போகுது?"

கோழியை இரட்டிப்பாக்கினார். ஏழு அறுநூறு. முட்டை சேர்த்தார். ஏழரை! விஷயம் புரியாமல் மண்டை காய்ந்தது. வெள்ளிக்கிழமை குண்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் நாயின் முகத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தார். "இந்த மாதிரி நாய் தின்னா மடிப்பெல்லாம் ஈஷிக்கும். இங்க ஒரு துணுக்குகூட இல்லையே. யாரு துடைச்சு விடறது?"

"யாரும் இல்லையே டாக்டர்!"

குழம்பிப்போய் வீடு திரும்பியவர், கடைசி முயற்சியாக வெண்ணெயும் போட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தார். மாமனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, என் பொண்ணுக்குத் தெரியாம எனக்காக இத்தனை நாளா ஒளிச்சு ஒளிச்சுக் கொண்டாந்து வைக்கறீங்க. பெத்த பிள்ளைகூட இப்படிச் செய்யாது" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா பாவம், அந்த நாய்க்கும் ஏதாவது போடுங்க. நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போகுது."