ஆறு தூக்கு ரசம்

ஒரு காட்டில், சிங்கம் கிங்கமெல்லாம் வேறு காட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்ட சாதாரணக் காட்டில்தான், வடிவு என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். புருஷன் பெயர் குழந்தைவேலு. குட்டிகள் ஐந்து. காலையில் தின்றதை மத்தியானம் மறந்துவிடுகிற குட்டிகள்.

வடிவுக்கு ஒரே ஒரு ஆடம்பரம் உண்டு. முதுகு முள்ளின் நுனியிலெல்லாம் சிவப்பு நகப்பூச்சு பூசிக்கொள்வாள். அந்தக் காட்டில் வேறு எந்த முள்ளம்பன்றிக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது. அடுப்பங்கரையில் குனிந்து நிமிர்ந்தால் ஒரு முள் சட்டிக்குள் விழுந்துவிடும். யார் இலையில் அந்த முள் வருகிறதோ அவருக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம் என்று குட்டிகளை நம்பவைத்திருந்தாள். வேறென்ன செய்வாள், பாவம்.

மாசக் கடைசியில் ஒருநாள் செல்போன் அடித்தது. பேசியது குழந்தைவேலுவின் அக்கா தனக்கோடி. ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள்.

"வடிவு, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வரேன். போட்டோவுல தம்பி இளைச்சுத் தெரியறான். உன் சமையல் சரியில்லைன்னு பட்டுச்சுன்னா நானே ஒரு வாரம் தங்கி ஆக்கிப் போட்டுட்டுப் போறேன்."

போன தடவை 'ஒரு வாரம்' என்று வந்த தனக்கோடி, ஐப்பசி மழை கார்த்திகை மழை இரண்டையும் அந்த வளைக்குள் இருந்தே பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதுவரைக்கும் வடிவு தன் சொந்த வளையில் வாசல் ஓரமாகச் சுருண்டு படுத்தாள். இன்னொரு தடவை அதைத் தாங்க அவளால் முடியாது.

செல்போனில் மயில் ரஞ்சிதத்தின் சிக்கனச் சமையலைப் போட்டுப் பார்த்தாள். "வீட்டுல இருக்கறதை வெச்சே பத்து நிமிஷத்துல மொத்தக் குடும்பமும் சாப்பிடலாம் வாங்க!" என்று தோகை இல்லாத குறையைக் கழுத்தை ஆட்டித் தீர்த்துக்கொண்டாள் ரஞ்சிதம். "முதல்ல கால் கிலோ முந்திரிப்பருப்பு எடுத்துக்கோங்க."

"எங்கேருந்துடி எடுப்பேன்?" என்று வடிவு செல்போனைப் பார்த்துத் திட்டினாள்.

வீட்டில் இருந்தது அரிசி, புளி, மிளகு, உப்பு. வாசலில் ஒரு கருவேப்பிலைச் செடி. இதில் ரசம் வரும். தலைகீழாக நின்றாலும் ரசத்தைத் தவிர வேறெதுவும் வராது.

அப்போதுதான் மூலையில் கரடி மூக்காயியின் தூக்குவாளி கண்ணில் பட்டது. போன வாரம் மூக்காயி தினைப்பொங்கல் கொடுத்துவிட்ட தூக்கு. வந்த பாத்திரத்தை அந்தக் காட்டில் யாரும் வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். சட்டமெல்லாம் இல்லை. ஆனால் காலிப் பாத்திரம் கொடுத்தவளை அவள் பேத்தி கல்யாணம் வரைக்கும் பேசுவார்கள். அதனால் அந்தத் தூக்கில் இரண்டு கரண்டி ரசத்தை ஊற்றி மூக்காயி கையில் கொடுத்துவிட்டு வந்தாள் வடிவு.

திரும்பி வரும் வழியில் அவளுக்குப் பளிச்சென்று உறைத்தது. அடடா, நாமே ஒரு தூக்கை அனுப்பினால் அவர்களும் வெறுமனே திருப்ப முடியாதே!

மறுநாள் வியாழக்கிழமை. ஒரு பெரிய சட்டி ரசம் வைத்து, ஆறு தூக்கில் ஊற்றி, ஆறு வீட்டுக்குக் கொண்டுபோனாள். "சும்மா, மிளகு ரசம். சளிக்கு நல்லது" என்றாள். மத்தியானத்துக்குள் ஆறு தூக்கும் வீடு திரும்பின. கரடி வீட்டுத் தேன் பணியாரம், பன்றி வீட்டு வள்ளிக்கிழங்கு, மிளா மான் வீட்டுக் கீரைக்கூட்டு, குரங்கு வீட்டு வாழைக்காய் வறுவல், இன்னும் இரண்டு வீட்டுத் துவையலும் பச்சடியும். குட்டிகள் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேசாமல் சாப்பிட்டன. ஞாயிற்றுக்கிழமையும் இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்று வடிவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

வாசனை பிடித்துக்கொண்டு, படம் பிடிக்கிற செல்போனும் கையுமாக ரஞ்சிதம் வந்து சேர்ந்தாள்.

"அக்கா, மாசக் கடைசியில ஆறு பதார்த்தமா! எப்படிக்கா?"

எல்லாம் கைராசி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த மயில் லேசுப்பட்டவளா? "அக்கா, அந்தச் சிவப்பு முள்ளு என்ன அழகு! கொஞ்சம் திரும்பி நின்னு சொல்லுங்களேன்" என்றாள். கட்டிய புருஷன்கூட அந்த முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. வடிவு திரும்பி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நுணல்தான் தன் வாயால் கெடும் என்பார்கள். முள்ளம்பன்றியும் கெடும்.

சனிக்கிழமை அந்த வீடியோவைக் காடே பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டிலிருந்த கடைசிப் புளியைக் கரைத்து, ரசம் வைத்து, ஆறு தூக்கையும் கொடுத்துவிட்டு வந்தாள் வடிவு. மூக்காயி மூடியைத் திறந்து பார்த்தாள். "ரசம்தான் வந்துடுச்சே, நான் எதுக்கு அடுப்பை மூட்டணும்?" என்று ஒரு சொம்பு தண்ணீரை விட்டு அதைப் பன்றி வீட்டுக்குத் தள்ளினாள். பன்றி தன் பங்குக்கு ஒரு சொம்பு விட்டுக் குரங்கு வீட்டுக்குத் தள்ளியது. இப்படியே காடு முழுக்க. உள்ளே என்ன கிடக்கிறது என்று ஒருத்தரும் கிளறிப் பார்க்கவில்லை. குடிக்கப் போகிறவர்கள்தானே கிளறுவார்கள்?

மத்தியானம் ஆறு தூக்கும் வந்தன. வடிவு ஒவ்வொன்றாகத் திறந்தாள். ரசம். ரசம். ரசம். ஆறாவதில் அவள் முகமே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தனக்கோடி வந்து இறங்கினாள், ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் தூக்கு. தேக்கிலை போட்டு உட்கார்ந்தாள். சோறு விழுந்தது.

"குழம்பு?"

"ரசம் இருக்கு அண்ணி."

"பொரியல்?"

"ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா அண்ணி?"

"நெனைச்சேன்" என்றாள் தனக்கோடி, முகமெல்லாம் சந்தோஷம். "பெட்டியை உள்ளே எடுத்து வை. நான் தங்கறேன்."

வடிவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குழந்தைவேலு கூரையைப் பார்த்தான். அக்கா முன்னால் அவன் எப்போதும் கூரையைத்தான் பார்ப்பான்.

"தம்பிக்குன்னு விடியக்காலம் எந்திரிச்சு, அம்மியில அரைச்சு, என் கையால வெச்சுக் கொண்டாந்திருக்கேன். சமையல்னா என்னன்னு பாத்துக்கோ வடிவு" என்று தனக்கோடி தன் தூக்கைத் திறந்து தம்பியின் இலையில் ஊற்றினாள்.

ரசம் ஓடியது. கருவேப்பிலை ஓடியது. பின்னாலேயே ஒரு முள் வந்து சோற்றுமேல் விழுந்தது. நுனியில் சிவப்பு நகப்பூச்சு.

"அப்பாவுக்கு அதிர்ஷ்டம்! அப்பாவுக்கு அதிர்ஷ்டம்!" என்று ஐந்து குட்டிகளும் குதித்தன.

தனக்கோடியின் பக்கத்து வீடு மிளா வீடு. வடிவின் தூக்கு போன ஆறு வீட்டில் அதுவும் ஒன்று. இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை, தனக்கோடிக்கும் யாரும் விளக்கவில்லை.

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முள்ளை எடுத்து, நன்றாகக் கழுவி, நாத்தனார் கையில் வைத்தாள். "அண்ணி கைப்பக்குவம் யாருக்கு வரும்? தண்ணிதான் கொஞ்சம் தூக்கல். இதை வெச்சுக்கோங்க, பல்லு குத்த ஆகும்."

தனக்கோடி சட்டென்று எழுந்து பெட்டியைத் தூக்கினாள். "அய்யய்யோ, அடுப்பை அணைக்காம வந்துட்டேன்!"

மூட்டாத அடுப்பை அணைக்க ஓடியவளை வடிவு வாசலில் மறித்தாள். "இருங்க அண்ணி, தூக்கை வெறுமனே கொடுத்து அனுப்பலாமா?" ஆறு தூக்கு ரசத்திலிருந்தும் எடுத்து, விளிம்பு வரைக்கும் நிரப்பி, மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி வடிவு வளையின் நடுவில் காலை நீட்டிப் படுத்தாள்.

நீதி: பகிர்ந்து கொடுத்த உணவு ஒருநாளும் வீண்போகாது. ஊரெல்லாம் சுற்றி, வீட்டுக்கொரு சொம்பு தண்ணீரோடு நம் இலைக்கே வந்து சேரும். ஆகவே, முதலிலேயே உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு வைக்கவும்.