மிதக்கும் கடுகு

மழை சரிந்து பெய்தது. காற்று ஆளைத் தள்ளியது. ஆனாலும் லைடன் நகரத்துக் கால்பந்து மன்றக் கூடத்தின் வாசலில் ஒரு சைக்கிள் நிறுத்த இடமில்லை. உள்ளே எழுந்தருளியிருந்தது கடவுள் அல்ல; கடுகு. விண்வெளிக் கடுகு!

பூமியைச் சுற்றும் நிலையத்தில், எடையே இல்லாத இடத்தில் விளைந்ததாம். எடை அறியாமல் பிறந்ததால் தின்றவர் எடையையும் வாங்கிக்கொள்ளுமாம். மூட்டின் பாரம், முதுகின் பாரம், மனப்பாரம் எல்லாம் போகும். பர்ஸின் பாரம் முதலில் போகும் என்பதை மட்டும் விளம்பரத்தில் போட மறந்துவிட்டார்கள்.

சர்ச்சுக்குப் போவதை மூடநம்பிக்கை என்று கைவிட்ட ஊர் அது. போன நம்பிக்கை சும்மா இருக்குமா? வேறு வாடகை வீடு பார்த்துக்கொண்டது.

மூன்றாம் வரிசையில் ஃபென்னா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோலுடன் கணவன் ஷூர்ட். அடுத்த வாரம் அவனுக்கு இடுப்பு மூட்டு ஆபரேஷன். காலையில்தான் சொன்னான், "ரத்து பண்ணிடலாம்னு இருக்கேன். கடுகே போதும்."

வேடிக்கை என்னவென்றால், விண்ணில் வளர்ந்த செடிகளின் விதையை ஆராய்வதுதான் ஃபென்னாவின் வேலை.

"அங்க சூடான காத்து மேல போகாது, ஷூர்ட். செடியைச் சுத்தித் தேங்கி நிக்கும். விதைக்கு மூச்சு முட்டும். புரதம் சரியாச் சேராம சின்னதாத்தான் வரும். நாங்க வளர்த்த கடுகைப் பார்த்திருக்கேன், பாவம்!"

"உன் கடுகு சோனி. இங்க விக்கிறவர் கடுகு வேற!"

படித்த மனைவி சொன்னால் அது கருத்து. பளபளக்கும் கோட்டுக்காரன் சொன்னால் அது விஞ்ஞானம்.

கடுகு விற்கும் கோட்டுக்காரர் ரெய்னியர் மேடையேறினார். நீலக் கண்ணாடிக் குவளை ஒன்றை எடுத்தார். வெள்ளித்தாள் சுற்றிய புட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை கடுகைப் போட்டார். கடுகு கீழே போனது. பிறகு ஒவ்வொன்றாக மேலே எழும்பியது!

"பாருங்க! பூமியோட இழுப்பு இதுகிட்ட பலிக்கல!"

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. ஷூர்ட்கூட, ஊன்றுகோலை மறந்து பாதி எழுந்து, "அம்மா!" என்று உட்கார்ந்தான்.

ஃபென்னா கடுகைப் பார்க்கவில்லை. புட்டியைப் பார்த்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். குழாயைத் திறந்தா நல்ல தண்ணி வர்ற ஊர்ல புட்டித் தண்ணி எதுக்கு?"

கூட்டத்தில் சலசலப்பு. கடுகைச் சந்தேகிக்காத ஜனம் வீண்செலவைச் சந்தேகித்தது.

"அதானே! காசைக் கொட்டித் தண்ணி வாங்குவாங்களா?" என்றது பின்வரிசை.

"அது நட்சத்திர நீர், அம்மா," என்றார் ரெய்னியர். குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"குழாய்த் தண்ணியிலயும் போடுங்களேன். பூமியோட இழுப்பு அங்க மட்டும் பலிச்சிடுமா?"

"போடுய்யா!" என்றது கூடம். கேன்டீன்காரர் ஒரு குவளை நீட்டினார். கடுகு போனது. போனது போனதுதான். அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஃபென்னா காபிக்கு வைத்திருந்த திராட்சை ரொட்டியிலிருந்து ஓர் உலர்ந்த திராட்சையைப் பிய்த்து, மேடையேறி நீலக் குவளையில் போட்டாள். திராட்சை மூழ்கியது, உடம்பெல்லாம் குமிழி ஒட்டிக்கொள்ள, ஜம்மென்று மேலே வந்தது.

"இது எந்த விண்வெளி நிலையத்துல விளைஞ்சுது, ஐயா?"

வெள்ளித்தாளை உரித்தாள். கடைத்தெரு சோடா.

சிரிப்பு அடங்குவதற்குள் ரெய்னியர் பின்வாசல் வழியே மழையில் இறங்கிவிட்டார். அவர் மட்டும்தான் அன்று லேசாக நடந்தவர்.

ஷூர்ட் ஊன்றுகோலைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டான். "ஆஸ்பத்திரிக்கு இன்னும் போன் பண்ணல. தேதி அப்படியே இருக்கும்ல?"

"இருக்கும். எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

வாசலில் ஆன்கே என்ற அம்மாள் ஃபென்னாவின் கையைப் பிடித்து, யாருக்கும் கேட்காமல் குனிந்தாள்.

"ஏம்மா, அந்தத் திராட்சை... முட்டிவலிக்கு எத்தனை சாப்பிடணும்?"

தோளுக்கு மேலே கனமாக ஒன்று இருக்கிறதே, வாசகரே, அது நோயல்ல, யோசிக்கத் தந்தது. அதையும் மிதக்கவிட்டால், இன்று கடுகு விற்றவன் நாளைக்குத் திராட்சை விற்பான்.