கடலுக்கு வாசல் வைத்துவிட்டார்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் உன் தம்பி மனைவியும் உடம்பளவில் நலம், மனதளவில் கேட்காதே. அத்தானுக்கு இருமல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

"சின்ன வயசுல லீவுக்குப் போவோமே, அந்தக் கடற்கரை அப்படியே இருக்கான்னு பார்த்துட்டு வந்து சொல்லுடா" என்றாய். இடுப்பெலும்பு முறிந்து நாலு வருடமாக வீட்டைத் தாண்டாத உன்னை ஒருநாள் அங்கே கூட்டிப்போகலாம் என்றுதான் உன் தம்பி மனைவியோடு நோட்டம் பார்க்கக் கிளம்பினேன். பார்த்துவிட்டேன். அப்படியே இல்லை. இத்தோடு கடிதத்தை முடித்துவிடலாம், ஆனால் வயிற்றெரிச்சல் விடமாட்டேன் என்கிறது.

முதலில் கடலையே காணோம். அப்பா நம்மை நிறுத்திக் கடலைக் காட்டுவாரே, அந்த மேட்டில் பதினெட்டு மாடி விடுதி. பெயர் 'கடல் காட்சி'. அது பார்க்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. சுற்றிக்கொண்டு போனால் கடலுக்கு ஒரு வாசல், கம்பிக் கதவோடு. காவலாளி என் கையில் பச்சைப் பட்டை கட்டி, "சார், நீங்க பி பகுதி. ஒன்றரை மணி நேரம். தண்ணில இறங்கக் கூடாது" என்றார். "நான் நீச்சல் கத்துக்கிட்டதே இங்கதாம்ப்பா" என்றேன். "அதான் கத்துக்கிட்டாச்சுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார்.

பி பகுதியில் மணலே இல்லை, பலகை. பலகைமேல் நாற்காலி, நாற்காலியில் எண். என் எண்ணில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். "நீங்க கடயப் பார்த்த வரிசை சார், இது கடலப் பார்த்த வரிசை. ஓரெழுத்துதான் வித்தியாசம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். செருப்புக் கடையைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அலைச் சத்தம். இதாவது மாறவில்லையே என்று கண்ணை மூடினால், அலை பாதியில் நின்று ஒரு பெண்குரல் வணக்கம் சொல்கிறது. சத்தம் ஒலிபெருக்கியில்! பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன். "தடுப்புச் சுவர் கட்டினதுலேருந்து நிஜ அலை வர்றதில்லைங்க. ஜனங்க குறைசொல்றாங்கன்னு இதப் போட்டுட்டாங்க" என்றார்.

கடுப்பில் எழுந்து, கயிற்றைத் தாண்டித் தண்ணீரில் ஒரு கால்தான் வைத்தேன் அக்கா. நாலு பக்கமிருந்தும் விசில். அறுபத்தேழு வயதில், கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, ஊர்ப்பட்ட ஜனம் பார்க்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். பிறகு ஓர் அறையில் உட்காரவைத்து, 'கடல் ஆபத்தானது' என்று அரைமணி நேரம் படம் காட்டினார்கள்.

ஆகவே நீ வரவே வேண்டாம். நினைப்பில் இருப்பதே போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். பேத்திகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். நீச்சலை மட்டும் வேறெங்காவது பழகட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் தம்பி மனைவி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, "அந்த மஞ்சள் வண்டியப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே?" என்றாள். நான் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் சி பகுதிக்குப் போயிருக்கிறாள். நடக்க முடியாதவர்களை உட்காரவைத்து, இடுப்பளவு தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போகப் பெரிய பலூன் சக்கர வண்டி வைத்திருக்கிறார்களாம். சுவர் இருப்பதால் கவிழாதாம். இவளே உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்திருக்கிறாள்! "நீங்க சின்னப் பசங்களா இருந்தப்ப இதெல்லாம் இருந்துச்சா?" என்கிறாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு உன் பெயரில் பதிவு செய்தாயிற்று. மாற்றுத் துணி ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வை. வண்டியைத் தள்ளப்போவது நான்.