நான் 'ஆக்சுவலா'வை விட்ட பத்து நாட்கள்

ஒரு வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு நான் ஒரு முடிவெடுத்தேன். இனி என் வாயிலிருந்து 'ஆக்சுவலா' என்ற வார்த்தை வராது. செத்தாலும் வராது. சிகரெட்டை விட்டவர்கள் உண்டு. சர்க்கரையை விட்டவர்கள் உண்டு. ஒரே ஓர் ஆங்கில வினையுரிச்சொல்லை விடுவதாகச் சபதம் போட்ட குடும்பஸ்தன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணம், குளியலறைக் கதவிடுக்கு வழியாகக் காதில் விழுந்த பேச்சு. சமையலறையில் என் மனைவி அவள் அண்ணனோடு போனில் இருந்தாள்.

"அவரா? அவர் பொய் சொன்னா எனக்குத் தெரியாதா? ஆக்சுவலான்னு ஆரம்பிச்சா பொய். ஆரம்பிக்கலேன்னா நிஜம். பதினெட்டு வருஷமா இதை வச்சுத்தான் குடும்பம் ஓடுது."

ரேசர் அப்படியே தாடையில் நின்றது. பதினெட்டு வருஷத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 'ஆக்சுவலா, மருந்துக்கடை மூடியிருந்துச்சு' என்பேன். அவள் தலையைத் தூக்காமல், 'மறுபடி போங்க, திறந்திருக்கும்' என்பாள். 'ஆக்சுவலா, எனக்கு முதுகு வலி' என்பேன். 'பரண்ல இருக்கற பெட்டியை இறக்கினா சரியாயிடும்' என்பாள். இவளுக்கு ஏதோ ஞானதிருஷ்டி இருக்கிறது என்று நம்பி, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ஞானமும் இல்லை, திருஷ்டியும் இல்லை. ஒவ்வொரு தடவையும் நானே மணியடித்துவிட்டுத் திருடப் போயிருக்கிறேன்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அன்றிலிருந்து பத்து நாள் கழித்து, ஞாயிறு காலை பத்து மணிக்கு, நூலகத்து மாடியில் எங்கள் செஸ் கிளப்பின் ஃபைனல். ஆடப்போவது நான்.

இதன் அருமை உங்களுக்குப் புரிய வேண்டும். பதினோரு வருஷமாக நான் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள். இந்த வருஷம் முதல் சுற்று எதிராளிக்கு அம்மைக்கட்டு. இரண்டாம் சுற்று எதிராளிக்கு வேலை மாற்றல். மூன்றாவது ஆளை மட்டும் நான் நிஜமாகவே ஜெயித்தேன். அந்த ஆட்டத்தின் முப்பத்தெட்டு நகர்த்தல்களையும் இன்றைக்கும் குளிக்கும்போது வரிசையாகச் சொல்லிப் பார்ப்பதுண்டு. ஃபைனலில் எதிரி, எங்கள் மாடி வீட்டுப் பல் டாக்டர். ஆறு வருஷமாக, 'வலிக்காது' என்று சொல்லிக்கொண்டே என் ராணியைப் பிடுங்குகிறவர். அவரை ஒருமுறை, ஒரே ஒருமுறை, வாயைத் திறந்தபடி உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். வாழ்க்கையில் நான் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் வீடு மாறுகிறார். அவர் வீட்டில் மூன்று கதவு வைத்த மர பீரோ ஒன்று உண்டு. அவர் இதுவரை மாறிய நான்கு வீடுகளுக்கும் அது என் தோளில்தான் போயிருக்கிறது. ஃபைனல் விஷயத்தை வீட்டில் சொல்லிவிடலாமே என்பீர்கள். பதினோரு வருஷம் தோற்ற கதையைச் சொன்ன வாய்க்கு ஜெயித்த கதையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லி, 'அந்த மரப்பொம்மையை நகர்த்தறதுக்கு இந்த மர பீரோவை நகர்த்துங்க' என்று அவள் பதில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. ஆகவே ஒரு நல்ல பொய் தேவைப்பட்டது. அது அந்த வார்த்தை இல்லாத பொய்யாக இருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் எனக்கு வேலையில் ஒட்டிக்கொண்டது. நான் ஒரு கட்டில், மேசைக் கடையில் புகார் மேசையில் உட்கார்ந்திருப்பவன். கட்டில் எப்போது வரும் என்று கேட்டுப் போன் வரும். 'ஆக்சுவலா மேடம், உங்க கட்டில் வண்டியில ஏறிடுச்சு' என்பேன். கட்டில் அந்த நேரம் பாலிஷ் காயாமல் பட்டறையில் படுத்திருக்கும்.

எதிரியை அறியாமல் எதிரியை ஒழிக்க முடியாது. எங்கள் கடையில் புத்தக அலமாரி காலியாக இருந்தால் விலை போகாது என்று முதலாளி எடைக்குப் புத்தகம் வாங்கி அடுக்கியிருக்கிறார். அதில் செங்கல் கனத்துக்கு ஓர் ஆங்கில அகராதி. மதியம் யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் புரட்டினேன். அந்த வார்த்தையின் பாட்டன் லத்தீனாம். வேர்ச்சொல்லுக்குச் 'செய்தது' என்று பொருளாம். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் 'செயலளவில்' என்று அர்த்தம். பிறகு 'உண்மையில்' என்று ஆனது. இப்போதோ, நீ நினைத்தது தப்பு, ஆனால் கோபித்துக்கொள்ளாதே என்று இதமாகச் சொல்வதற்கும், சும்மா வாக்கியத்தை ஆரம்பிப்பதற்கும் எடுபிடியாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் இதன் பங்காளிச் சொல்லை 'இப்போதைக்கு' என்ற பொருளில் சொல்கிறார்களாம். என்னைப் பொறுத்தவரை பிரெஞ்சுக்காரர்கள்தான் சரி. நான் சொன்னதெல்லாம் இப்போதைக்குத் தப்பிக்கத்தான்.

சிகிச்சையை ஆரம்பித்தேன். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். முதல் நாள் மதியத்துக்குள் மூன்று பாட்டில் காலி. வீட்டிலும் இதே கதை. என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இரண்டு நாள் என்னையும் குளியலறைக் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் ஊசியோடு வந்து கையை நீட்டச் சொன்னாள். சர்க்கரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லட்சியத்துக்காக ரத்தம் சிந்தியாயிற்று என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

கடையில்தான் சிக்கல். அந்த வார்த்தை இல்லாமல் எனக்குப் பொய்யே வரவில்லை. ஓர் அம்மாள் போன் செய்து கட்டில் எங்கே என்றாள். தண்ணீர் குடித்தேன். பிறகு, "மேடம், உங்க கட்டிலுக்கு இன்னும் மரமே அறுக்கலை" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள், 'இதை முதல்லயே சொல்லியிருந்தா தரையில பாயாவது போட்டிருப்பேனே, ரொம்ப நன்றி' என்று வைத்துவிட்டாள். ஒரே வாரத்தில் புகார் பாதியாகக் குறைந்தது. முதலாளி என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

எட்டாம் நாள், அடுத்த வியாழன் காலை, களத்தில் இறங்கினேன். அவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்ன வேலை?"

வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. தண்ணீர் குடித்தேன். விழுங்கினேன். இரண்டும் சேர்ந்து இறங்கின.

"கடைக்குப் போகணும். கட்டில் லோடு வருது. நான் இருந்து இறக்கணும்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா."

"நாள் பூராவா?"

"சாயங்காலம் ஆயிடும்."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். சீப்பை வைத்தாள். "சரி" என்றாள்.

அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு மலிவாக எனக்கு ஒரு 'சரி' கிடைத்ததில்லை. குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சத்தம் வராமல் ஓர் ஆட்டம் ஆடினேன்.

மறுநாள் வெள்ளி, பதினொரு மணி. முதலாளி என் மேசைக்கே வந்தார். கடையில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டார். என் தோளில் கை போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இவர் வீட்டம்மா காலைல போன் பண்ணினாங்க. ஞாயித்துக்கிழமை இவருக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு கொண்டு வரலாம்னு கேட்டாங்க. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியலை. அப்புறம்தான் உறைச்சுது."

அவருக்கு உறைத்தது இது. மூன்று வாரமாக அறுபத்து நான்கு கட்டில்கள் கிடங்கில் தேங்கிக் கிடக்கின்றன. வார நாளில் எங்கள் தெருவுக்குள் லாரி வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வருவதற்குக் கடையில் ஓர் ஆளும் இல்லை. கேட்டால் எல்லாருக்கும் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். அப்படிப்பட்ட கடையில், கேட்காமலே ஒருவன், அதுவும் புகார் மேசைக்காரன், தானாக வருகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். லாரிக்கு அப்போதே சொல்லிவிட்டாராம்.

இருபது கண்கள் என்னைப் பார்த்தன. பெண்டாட்டியிடம் பொய் சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன்.

"ஆக்சுவலா..."

"சொல்லுங்க."

"...ஒன்பது மணிக்கே வந்துடறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலமே பல் டாக்டரைப் பிடித்து, ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். கிளப் விதிப்படி பதினைந்து நிமிஷம்தான் காத்திருப்பார்களாம், அதற்கு மேல் வராதவர் தோற்றவராம். 'எனக்கே ரொம்ப வருத்தமா இருக்கு' என்றார், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. சனிக்கிழமை முழுக்க மனைவியிடம் உண்மையைக் கொட்டிவிடலாமா என்று அவள் பின்னாலேயே சுற்றினேன். அவள் என் கடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கொட்டியும் பிரயோஜனமில்லை. என் பொய் அதற்குள் லாரியேறிப் புறப்பட்டுவிட்டது.

ஞாயிறு பத்து மணிக்கு நான் ஒரு கட்டிலின் தலைமாட்டைப் பிடித்திருந்தேன். பத்தேகாலுக்கு இன்னொன்றின் கால்மாட்டைப் பிடித்திருந்தேன். கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தும் பார்த்துவிட்டேன். அழுகை வந்தது. வியர்வை என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டரைக்கு அவள் சாப்பாட்டுப் பையோடு வந்தாள். இறக்கி வைத்த கட்டில் ஒன்றிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். மைத்துனர் வீட்டில் பீரோவை யார் தூக்குகிறார்கள் என்று கேட்டேன்.

"ஆள் வச்சிருக்காரு. உங்களை எதிர்பார்க்க வேண்டாம், உங்களுக்கு ஃபைனல் இருக்குன்னு நான்தான் ரெண்டு வாரம் முன்னாடியே அண்ணன்கிட்ட சொல்லிட்டேனே."

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. "உனக்கு எப்படி..."

"டாக்டர் வீட்டம்மா சொன்னாங்க. நீங்களா வாய் திறந்து சொல்வீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு லேப்ல லீவுகூடக் கேட்டு வச்சிருந்தேன், நீங்க ஆடறதை வந்து பார்க்கலாம்னு. நீங்க லோடு வருதுன்னீங்க. சரி, வரட்டும்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் சிரிப்பு பாதி இருந்தது. மீதிப் பாதி சிரிப்பு இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினோரு வருஷம் தோற்றதையெல்லாம் கேட்டவள், ஒரு தடவை ஜெயிப்பதைப் பார்க்க லீவு போட்டிருக்கிறாள். அவளிடம் போய்ப் பொய் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் ஒரு தொழில்நுட்பச் சந்தேகம் மட்டும் என்னை அரித்தது.

"பொய்னு எப்படிக் கண்டுபிடிச்சே? நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லையே."

"எட்டு நாளா சொல்லவே இல்லையே. அதான்." ஊறுகாயை என் பக்கம் நகர்த்தினாள். "ரத்தம்கூட எடுத்துப் பார்த்தேன். உடம்புல ஒண்ணும் இல்லைன்னதும் மனசுலதான் ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுது."

ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன். அவள் டப்பாக்களைக் கழுவி மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது ஞாபகம் வந்தவளாக வாசலில் நின்றாள்.

"வர்ற வழியில டாக்டரைப் பார்த்தேங்க. அவ்வளவு பெரிய கோப்பையை வைக்க வீட்ல இடம் இல்லையாம். கண்ணாடி போட்ட அலமாரி ஒண்ணு கேட்டாரு. நல்லதா ஒண்ணு பார்த்து, சாயங்காலம் வரும்போது நீங்களே மாடிக்குத் தூக்கிட்டு வந்துடுங்க."