காங்கிரிச் சூடு எட்டாத இடம்

கல்கத்தாவில் சால்வை விற்கும் பெரிய மச்சான் அஹத் பட் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சுல்தான் வாகே ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் சுகம். அங்கே நீங்களும் சால்வைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள வேண்டும். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பழைய தபால்காரர் லஸ்ஸ காக். அவருக்குக் காது மந்தம், அதனால் கத்திக் கத்திச் சொல்கிறேன். எழுத்தில் கோபம் தெரிந்தால் அது அவர் காதுக்காக, உங்களுக்காக இல்லை.

சங்கதி இதுதான். உங்கள் தங்கை ஜூனி மாத்திரை சாப்பிட மாட்டேன் என்கிறாள். நான் சொன்னால் சிரிக்கிறாள். நீங்கள் அதட்டி எழுதினால்தான் உண்டு.

நம் ஊரில் வலை விழாத கால் ஏது மச்சான்? குளிர்காலம் முழுக்க ஃபெரன் அங்கிக்குள் காங்கிரி நெருப்புச் சட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தொடையில் மீன்வலை விரித்தமாதிரி கறுத்துத்தான் போகும், எனக்கும் இருக்கிறது, அதனால் ஜூனி காலில் வலையைப் பார்த்ததும் இவள் கரியை அள்ளிக் கொட்டுகிறாள் என்று நினைத்து அவள் காங்கிரியைப் பறித்து நெல் அறையில் ஒளித்து வைத்தேன், கங்கு அணைந்ததா என்று பார்க்கவில்லை, ஒரு மூட்டையின் அடி கருகி நெல் படபடவென்று வெடித்தது. "பொரி நல்லா வந்திருக்கு, உப்புத் தேநீருக்குத் தொட்டுக்கலாம்" என்றாள். அதோடு விட்டாளா, ஊரெல்லாம் சொன்னாள்.

பிறகு வெயில் வந்தது, காங்கிரி பரணுக்குப் போனது, வலை மட்டும் போகவில்லை. ஓடையில் துணி அலசிவிட்டு வந்தால் கால் முழுக்க ஊதாவாக எழும்பி நிற்கும். நீங்கள் கல்கத்தா புறப்பட்ட பிறகு ஒருநாள் முதுகு சொறியச் சொன்னாள், பார்த்தால் தோளுக்குப் பின்னாலும் அதே வலை.

"ஏன்டி, காங்கிரிய முதுகுல கட்டிக்கிட்டா படுத்த?"

"உங்க கண்ணுலதான் வலை. பேசாம சொறிங்க."

அடுத்த வாரம் தேநீர்ச் சமோவாரைத் தூக்கினவள் இடது கை துவண்டு கீழே போட்டாள், பேச்சும் குழறியது. அள்ளிப் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பஸ் போய்ச் சேர்வதற்குள் நாக்கு சரியாகிவிட்டது, எப்படித் தெரியும் என்றால், என் காலில் ஒன்று என் செருப்பு, ஒன்று அவள் செருப்பு என்று பஸ் கேட்கத் திட்டினாள்.

அங்கிருந்த டாக்டரம்மா நம் பக்கத்துப் பெண், அவளும் காங்கிரி அணைத்து வளர்ந்தவள்தான். எங்கள் இரண்டு பேர் காலையும் பக்கத்தில் வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். "சாச்சா, உங்களது பழுப்பு, அமுக்கினாலும் மாறல, சூட்டுத் தழும்பு. இவங்களது உள்ள இருக்கிற கோளாறு. அதைத்தான் தோல் வெளியே காட்டுது" என்றாள். ரத்தம் எடுத்தார்கள். உறையக் கூடாத இடத்தில் உறைகிறதாம், கை துவண்டதும் அதனால்தானாம். தினம் மாத்திரை, ஹாக் கீரை மட்டும் தினமும் ஒரே அளவு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது, மாறினால் மாத்திரை சரியாக வேலை செய்யாதாம்.

ஜூனி என்ன சொல்கிறாள் தெரியுமா? "கீரைய நிறுத்துத் திங்க நான் என்ன கடையா வச்சிருக்கேன்? ஊருக்கெல்லாம் இருக்கிற தழும்புக்கு எனக்கு மட்டும் மாத்திரையா?" மாத்திரையெல்லாம் இப்போது அவள் ஊசி டப்பாவில் பொத்தானோடு பொத்தானாகக் கிடக்கிறது.

இன்னொன்று மச்சான். இதை அவளுக்கு நான் சொல்லவில்லை, நீங்களும் எழுதாதீர்கள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளை ஏதும் கலைஞ்சிருக்கா?" என்று கேட்டாள். இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று திகைத்துப்போனேன். ஒன்று வாதுமை பூத்தபோது, இன்னொன்று ஆப்பிள் பறிக்கும்போது. அன்று ஜூனி எந்த மரத்தடியில் உட்கார்ந்தாள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. அந்தியில் ஓடையைத் தாண்டினாள், அதுதான் என்று என் அம்மா சொன்னாள். அன்றிலிருந்து ஜூனி அந்தி நேரத்தில் ஓடைப் பக்கம் போனதில்லை. டாக்டரம்மாவோ, "இந்த ரத்தத்தாலதான் இருக்கும் சாச்சா, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்கிறாள். இத்தனை காலம் கழித்து அந்தப் பேச்சை எப்படி எடுப்பது?

ஆகையால் மாத்திரையைப் பற்றி மட்டும் நன்றாக அதட்டி எழுதுங்கள். உங்கள் மூட்டை காலியாகி, மடி நிறைந்து, பனி உருகும்போது சுகமாக ஊர் வந்து சேர அல்லாஹ் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
சுல்தான் வாகே

பின்குறிப்பு: மச்சான், நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். லஸ்ஸ காக் காதுக்காக நான் கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கிறது. அடுப்படி என்ன, மசூதி வரைக்கும் கேட்டிருக்கும். ஜூனி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு தடவையுமா?" என்று கேட்டாள். "டாக்டரம்மா அப்படித்தான் சொன்னா" என்றேன். ஊசி டப்பாவைக் கிளறி, பொத்தான்களுக்கு நடுவிலிருந்து ஒரு மாத்திரையைப் பொறுக்கி விழுங்கினாள். விழுங்கினது மாத்திரைதானா என்று லஸ்ஸ காக் எழுந்து போய்ப் பார்த்தார், மாத்திரைதான். இப்போது பொழுது சாய்கிறது, அவள் ஓடைப் பக்கம் போயிருக்கிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டுமாம். மாடு மத்தியானமே குடித்தாயிற்று.