அடிவாரத்தில் ஒரு திருகு

உலகத்தில் நடக்கிற அத்தனை கோளாறுக்கும் காற்றின் மேல் பழி போட்ட ஒரே மனிதர் எங்கள் தென்னூர் காத்து பாய்தான். மூன்றாவது மாடிக் கல்யாண மண்டபத்தில் பிரியாணி வேகவில்லையா? "உசரத்துல காத்து மெலிசுங்க, அடுப்பு எப்படி எரியும்?" என்பார். மலைக்கோட்டைப் படியில் எனக்கு மூச்சு வாங்கினால், "உங்க கார்பரேட்டரைக் கழட்டிப் பாக்கணும் சார்."

எல்லாவற்றுக்கும் மூலம் அவருடைய பழைய கார். இப்போதைய கார்களில் காற்றுக்குத் தகுந்த பெட்ரோலைக் கம்ப்யூட்டரே அளந்து விடுகிறது. பாயின் காரில் அந்தக் கம்ப்யூட்டர் பாய்தான். மகளைக் கொடைக்கானலில் கட்டிக்கொடுத்திருந்தார். மலை ஏற ஏறக் காற்று மெலியும். பெட்ரோல் மட்டும் குறையாமல் வரும். முழுசாக எரியாமல் கரும்புகை கக்கி மைலேஜைத் தின்றுவிடும். அதனால் வழியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்பரேட்டரின் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் குறைப்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். வளைவுக்கு வளைவு நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் டிரைவர் எங்கள் எல்லோருடைய வம்சத்தையும் விசாரித்துவிட்டுப் போனார்.

மலை இறங்கியதும் திருகைப் பழையபடி திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கீழே இருக்கிற கெட்டிக் காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதித்துவிடும். அதை ஞாபகப்படுத்துவது முன்சீட்டில் இருக்கும் அவர் மனைவி, பாயம்மாவின் பொறுப்பு. அடிவாரத்து டீக்கடை வந்ததும், "ஏங்க, திருகு?" என்பார்.

"எனக்கே பாடமா?" என்று எரிந்து விழுந்துவிட்டு பாய் இறங்கிப் போய்த் திருப்புவார்.

ஊர் வந்ததும் மைலேஜ் சோதனை, அதுவும் ஸ்ரீரங்கத்து வீதிகளைச் சுற்றிச் சுற்றி. "பாய், பெருமாளை உம்ம அளவுக்குப் பிரதக்ஷிணம் பண்ணினவா இந்த வீதியிலேயே கிடையாது" என்பார் அங்கே குடியிருக்கும் என் ஐயங்கார் நண்பர்.

போன வருஷம் பாயம்மா மௌத்தாகிவிட்டார். இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து பாய் தனியாக மகளைப் பார்க்கப் போனார். திரும்பும்போது மணப்பாறை பக்கம் கார் கொதித்து நின்றுவிட்டது. அவர் போன் செய்து நான் போய்ச் சேர்ந்தபோது, திறந்த பானெட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றிருந்தார்.

"என்ன பாய், காத்தா?" என்றேன், வழக்கமான கிண்டலாக.

"இல்லீங்க. திருகைச் சொல்ல ஆளில்ல."

வாழ்நாளில் முதல் தடவையாக அவர் காற்றின் மேல் பழி போடவில்லை.

அதிலிருந்து, அவர் மலை இறங்குகிற நாளில் நான் போன் செய்து, "பாய், திருகு?" என்பேன். "எனக்கே பாடமா?" என்பார்.

போன மாதம் அப்படி ஒரு நாள் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. என் போன் செத்துக் கிடந்தது. சாயங்காலம்தான் கூப்பிட முடிந்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"வீட்டுக்கு வந்துட்டீங்களா பாய்?"

"அடிவாரத்து டீக்கடையிலதான் இருக்கேன்."

"இன்னுமா? திருகு மாட்டிக்கிச்சா?"

"அது மத்தியானமே திருப்பியாச்சு சார்."

"அப்புறம் ஏன் கெளம்பல?"



"நீங்க இன்னும் கேக்கலையே."

"பாய், திருகு?" என்றேன்.

"எனக்கே பாடமா?" என்று எரிந்து விழுந்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்த மனுஷர் வந்து சேரும்வரை நான் தெருமுனையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.